ஆஃபாவின் மண்கரையும் அதன் வழியே நடக்கும் பாதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தும் வேல்ஸும் சந்திக்கும் மலைச்சரிவுகளில், 1,200 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மண்கரை படுத்துக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ஆஃபாஸ் டைக். வேல்ஸ் மொழியில் கிளாவ்த் ஆஃபா. அதை ஒட்டியும் விலகியும் 285 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைவழி போகிறது. சில ஆண்டுகளாகத் துண்டு துண்டாக நடந்து அதை முடித்தேன். அதன்பின் போக விரும்பும் நண்பர்கள் கேட்டவை, நடக்கும்போது எனக்கே எழுந்தவை என்று சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது சுவரா? கோட்டையா? போனால் என்ன பார்க்கலாம்?

சுவரும் இல்லை, கோட்டையும் இல்லை. ஒரு நீண்ட பள்ளம் வெட்டி, வெட்டிய மண்ணை ஒரே பக்கமாக ஏற்றிக் குவித்த கரை, அவ்வளவுதான். பள்ளம் மேற்கே, வேல்ஸ் பக்கம். கரை கிழக்கே. நல்ல நிலையில் இருக்கும் இடங்களில் பள்ளமும் கரையும் சேர்ந்து ஏறத்தாழ 20 மீட்டர் அகலம் வரும், கரை இரண்டரை மீட்டர் அளவுக்கு எழுந்து நிற்கும்.

தூர்ந்துபோன ஏரியின் கரை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லை, மதகு இல்லை, மேலே புல்லும் முள்ளும் மரமும். அந்தக் கரை குன்று ஏறி இறங்கிக் கண்ணுக்கு எட்டிய தூரம் போகிறது. முதல் தடவை பார்க்கிறவர்கள் பலர் "இதுதானா?" என்று கேட்பார்கள். கிழக்கிலிருந்து பார்த்தால் அது ஒரு வரப்பு போலத்தான் தெரியும். மேற்கே சுற்றிப்போய்ப் பள்ளத்துக்குள் இறங்கி நிமிர்ந்து பாருங்கள். தலைக்கு மேல் எழுந்து மறிக்கும். கட்டியவர்கள் யார் பார்க்க வேண்டும் என்று கட்டினார்களோ அவர்கள் நின்ற இடம் அது.

ஆஃபா யார்?

757 முதல் 796 வரை மெர்சியாவை ஆண்ட மன்னர். அன்று இங்கிலாந்து என்ற ஒரே நாடு கிடையாது. பல அரசுகள் இருந்தன, அவற்றில் நடுநாட்டைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் அதட்டி வைத்திருந்தது மெர்சியா. அந்தப் பெயருக்கே "எல்லை மக்கள்" என்றுதான் பொருள். எல்லையைப் பெயரிலேயே சுமந்த அரசு இவ்வளவு பெரிய எல்லைக்கோட்டை இழுத்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

பின்னாளில் ஐரோப்பாவின் பெரும் பேரரசரான சார்லமேன் 796-ல் ஆஃபாவுக்கு எழுதிய கடிதத்தில் அவரைச் சகோதரன் என்று விளிக்கிறார். ஆஃபாவின் நாணயங்களும் பேர்போனவை. அவற்றில் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாக்தாத் கலீஃபா அல்-மன்சூரின் தங்கத் தினாரைப் பார்த்து அடித்த நகல் அது. ஹிஜ்ரி 157 என்ற ஆண்டும் இஸ்லாமிய நம்பிக்கை வாசகமும் அரபு எழுத்தில் இருக்க, நடுவில் "மன்னன் ஆஃபா" என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். அடித்தவருக்கு அரபு தெரிந்திருக்கவில்லை. லத்தீனை நேராகப் பிடித்தால் அரபு வரிகள் தலைகீழாகத் தெரிகின்றன. பள்ளம் வெட்டி ஒரு பக்கத்தை அடைத்த அதே மன்னரின் கை இன்னொரு பக்கம் எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு இந்தச் சிறு காசு சாட்சி.

அவர்தான் கட்டினார் என்று எப்படித் தெரியும்?

எழுத்தில் இருப்பது ஒரே ஒரு வரி. வேல்ஸிலிருந்து வந்த துறவி ஆஸர், வெஸ்ஸெக்ஸ் என்ற ஆங்கிலேய அரசை ஆண்ட ஆல்ஃப்ரெட் மன்னரின் வாழ்க்கையை 893-ல் எழுதினார். அதில், ஆஃபா என்ற மன்னன் தன்னைச் சுற்றியிருந்த அரசர்களையெல்லாம் நடுங்க வைத்தான், வேல்ஸுக்கும் மெர்சியாவுக்கும் நடுவே கடல் முதல் கடல் வரை பெரிய அரண் கட்டச் சொன்னான் என்று குறிப்பிடுகிறார். ஆஃபா இறந்து ஏறத்தாழ நூறாண்டு ஆனபின் எழுதிய வரி. ஆனாலும் ஆஸர் வேல்ஸ்காரர். தன் மக்களை மறித்த கரை யாருடையது என்று ஊரில் பேசிக்கொண்டதை அவர் கேட்டிருப்பார்.

மண் சொல்வது கொஞ்சம் வேறு. வேல்ஸின் சர்க் ஊருக்கு அருகே அகழ்ந்து, கரையின் அடியடுக்குகளிலிருந்து எடுத்த மாதிரிகளின் கார்பன் காலக்கணிப்பு 2014-ல் வெளிவந்தது. 430-க்கும் 652-க்கும் இடைப்பட்ட காலம் என்று வந்தது. அதாவது ஆஃபா பிறப்பதற்கு முன்பே. இதைக் கேட்டதும் "அப்படியானால் ஆஃபா கட்டவில்லை" என்று சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு அது அவசரமாகத் தெரிகிறது. ஓர் இடத்து மண் 100 கிலோமீட்டர் கரைக்கும் சேர்த்துப் பேச முடியாது. முன்பே அங்கங்கே இருந்த கரைத் துண்டுகளை இணைத்தும் உயர்த்தியும் ஆஃபா ஒரே கோடாக்கியிருக்கலாம் என்பது பொருந்தக்கூடிய விளக்கம். ஒரு மன்னன் பழைய கரையை எடுத்துக் கட்டுவது உலகில் புதிதா என்ன?

எதற்காக இவ்வளவு பெரிய வேலை?

ஆய்வாளர்கள் நூறு ஆண்டுகளாக வாதாடும் கேள்வி இது. போர் அரண் என்பது ஒரு தரப்பு. 760-ல் ஹெரிஃபோர்டில் வேல்ஸ் படைக்கும் மெர்சியாவுக்கும் போர் நடந்தது. 778-லும் 784-லும் ஆஃபா வேல்ஸ் நிலங்களைச் சூறையாடியதை வேல்ஸ் ஆண்டுக்குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. வேல்ஸின் பவிஸ் அரசு இழந்த நிலத்தை மீட்டதையும் ஒரு கல் சொல்கிறது. லாங்கோலன் ஊருக்கு அருகே நிற்கும் எலிசெக் தூண் அது. 9-ம் நூற்றாண்டில் பவிஸ் மன்னர் கங்கென் தன் கொள்ளுத்தாத்தாவின் புகழுக்காக நாட்டியது. ஆங்கிலேயர் கையிலிருந்து பவிஸை மீட்டவர் என்று அந்தக் கொள்ளுத்தாத்தாவைப் பாராட்டுகிறது. எனவே எல்லையில் அமைதி இல்லை என்பது உறுதி.

பெருமைக்காகக் கட்டியது என்பது இன்னொரு தரப்பு. நாற்பது ஆண்டு ஆண்ட மன்னன், ஆயிரமாயிரம் பேரை மண்வெட்டியோடு வரச்சொல்லி, வந்தார்கள் என்று காட்டுவதே ஓர் அதிகாரம்.

எனக்கு மனத்தில் நிற்பது மாட்டுக் காரணம். அந்த நாட்டில் செல்வம் என்றால் மாடு. எல்லைச் சண்டையில் பெரும்பகுதி நிரை கவர்தல்தான். ஓர் ஆள் பள்ளத்தில் இறங்கி ஏறிவிடுவான். இரவோடு இரவாக ஓட்டிவரும் நாற்பது மாடுகளை அந்தப் பள்ளத்தில் இறக்கி ஏற்றிப் பாருங்கள். அதற்குள் ஊர் விழித்துவிடும். இந்த ஊகத்துக்குத் துணையாக ஒரு பழைய உடன்படிக்கை இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதியது, டன்செட்டே என்ற எல்லை மக்களுக்கானது. ஆற்றின் ஒரு கரையில் ஆங்கிலேயர், மறுகரையில் வேல்ஸ்காரர். திருட்டு மாட்டின் தடம் ஆற்றைத் தாண்டினால் யார் பொறுப்பு, எப்படித் தேடுவது என்று அதில் விதிகள் உண்டு. வழக்கு வந்தால் ஆறு ஆங்கிலேயர், ஆறு வேல்ஸ்காரர் என்று பன்னிரண்டு பேர் உட்கார்ந்து நியாயம் சொல்ல வேண்டும். பகை மட்டும் இருந்த இடத்தில் இப்படி ஒரு பஞ்சாயத்து உருவாகியிருக்காது.

காவலுக்குப் படை நின்றதா? தாண்டினால் கையை வெட்டினார்களாமே?

ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரில் சீரான இடைவெளியில் காவற்கூடங்களும் கோட்டைகளும் உண்டு. இங்கே அப்படி எதுவும் கிடைக்கவில்லை. படை வரிசையாக நின்று காத்த எல்லை இல்லை இது. மேற்கே நல்ல பார்வை கிடைக்கும் சரிவாகப் பார்த்துக் கரையைப் போட்டிருக்கிறார்கள். அதனால் ஆட்கள் சுற்றிவந்து கண்காணித்திருக்கலாம்.

கை வெட்டும் கதை பிற்காலத்தது. ஆயுதத்தோடு கரையைத் தாண்டும் வேல்ஸ்காரனின் வலக்கையை வெட்டும்படி, 11-ம் நூற்றாண்டில் பின்னர் இங்கிலாந்து மன்னரான ஹெரால்ட் ஆணையிட்டதாக, அதற்கும் நூறாண்டு கழித்து எழுதியிருக்கிறார்கள். ஆஃபா காலத்துச் செய்தியாக அதைச் சொல்வது தவறு.

கடலிலிருந்து கடல் வரை உண்மையிலேயே இருக்கிறதா?

ஆஸர் அப்படித்தான் சொன்னார். தரையில் அப்படி இல்லை.

வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த சிரில் ஃபாக்ஸ், 1920-களின் நடுவில் தொடங்கிப் பல கோடைகள் இந்தக் கரையைக் காலால் நடந்து அளந்தார். இன்றும் யார் பேசினாலும் அவருடைய அளவையில்தான் தொடங்குகிறார்கள். ஆங்காங்கே துண்டுகளாகக் கிடப்பதைக் கூட்டினால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தேறும். ஹெரிஃபோர்ட்ஷயரில் பெரிய இடைவெளி. அடர்ந்த காடு இருந்ததால் அங்கே கரை தேவைப்படவில்லை என்பது ஃபாக்ஸின் எண்ணம்.

பிறகு டேவிட் ஹில், மார்கரெட் வொர்த்திங்டன் இருவரும் பல ஆண்டுகள் அகழ்ந்து பார்த்து வேறு முடிவுக்கு வந்தார்கள். ஆஃபாவின் கரை என்று உறுதியாகச் சொல்லத்தக்கது தெற்கே ரஷக் குன்றிலிருந்து வடக்கே ட்ரைதின் ஊர்ப் பக்கம் வரையுள்ள 103 கிலோமீட்டர்தான், அது முழு வேல்ஸையும் எதிர்த்ததல்ல, பவிஸ் அரசை மட்டும் எதிர்த்தது என்றார்கள். கீத் ரேயும் இயன் பாப்டியும் 2016-ல் அதற்கு மறுப்பாக, தெற்கே வை ஆற்றின் மேலுள்ள கரையும் அதே வேலையின் பகுதிதான் என்று வாதிட்டார்கள். தெற்குத் துண்டை நடந்து பார்த்த எனக்கு இவர்கள் பக்கம்தான் சாய்வு. ஆற்றுக்கு மேல் செங்குத்துப் பாறை விளிம்பில் கரை போகும் விதமும், மேற்கைப் பார்த்தே திரும்பியிருக்கும் பிடிவாதமும் வடக்கே கண்ட அதே கையைத்தான் காட்டுகின்றன.

வாட் கரை என்று இன்னொன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆஃபாவின் கரைக்குச் சற்றுக் கிழக்கே, வடக்கில் டீ ஆற்றுக் கழிமுகத்துப் பேசிங்வெர்க்கிலிருந்து ஓஸ்வெஸ்ட்ரிக்குத் தெற்கு வரை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். அதன் காலமும் சர்ச்சைதான். ஓரிடத்தில் 5-ம் நூற்றாண்டு வந்தது, பின்னர் இன்னோரிடத்தில் 9-ம் நூற்றாண்டின் முன்பகுதி வந்தது. பிந்தையது சரியென்றால் ஆஃபாவுக்குப் பின் வந்தவர்கள் கட்டியது ஆகும்.

இன்றைய எல்லைக்கோடு இந்தக் கரைதானா?

சில சிறு துண்டுகளில் மட்டும். மற்ற இடங்களில் எல்லை ஒரு பக்கம் போகிறது, கரை ஒரு பக்கம் போகிறது. நடைவழி மட்டுமே இருபது தடவைக்கு மேல் எல்லையைத் தாண்டுகிறது. காலையில் வேல்ஸில் எழுந்து, இங்கிலாந்தில் மதியச் சாப்பாடு முடித்து, மறுபடி வேல்ஸில் தூங்குவது இங்கே சாதாரணம்.

இதனால் விளைந்த வேடிக்கைகள் பல. நைட்டன் ஊர் வேல்ஸில் இருக்கிறது, அதன் ரயில் நிலையம் இங்கிலாந்தில் இருக்கிறது. லானமனெக் ஊரின் நடுத்தெருவிலேயே எல்லை ஓடுகிறது. வேல்ஸில் ஞாயிறன்று மதுக்கடையை மூட 1881-ல் சட்டம் வந்தபின், எல்லைமேல் உட்கார்ந்திருந்த அவ்வூர் விடுதியில் வேல்ஸ் பக்கத்து அறையை மட்டும் ஞாயிறன்று மூடுவார்களாம். அவ்வூர்க் குன்றின்மேல் இருக்கும் கோல்ஃப் மைதானத்தின் 18 குழிகளில் 15 வேல்ஸில், 3 இங்கிலாந்தில்.

வேல்ஸ் மக்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

தங்களைத் தடுக்க எதிரி போட்ட கரைக்கு அவர்கள் தங்கள் பேச்சில் இடம் கொடுத்துவிட்டார்கள். இங்கிலாந்துக்குப் போனவரை "கிளாவ்த் ஆஃபாவுக்கு அப்பால் போயிருக்கிறார்" என்று சொல்வது இன்றும் வழக்கு. நைட்டனின் வேல்ஸ் பெயர் ட்ரெவ்-அ-கிளாவ்த், "கரைமேல் ஊர்".

பெயர்களில் இன்னொன்றும் இருக்கிறது. "வேல்ஸ்" என்பது ஆங்கிலேயர் வைத்தது, வேற்றாள் என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் தங்கள் நாட்டைக் "கம்ரி" என்கிறார்கள், ஒரே மண்ணின் மக்கள் என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். சொந்த மண்ணில் இருந்தவர்களுக்கு வந்தவர்கள் வேற்றாள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கரையின் மேல் நின்று இதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் பட்டிங்டனுக்கு வரும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 893-ல், ஆஸர் தன் வரியை எழுதிய அதே ஆண்டில், செவர்ன் ஆற்றங்கரையில் டேனியப் படை வந்து உட்கார்ந்தபோது, மெர்சியாவின் ஆட்களும் வேல்ஸ்காரர்களும் ஒன்றாக நின்று அதை முற்றுகையிட்டு முறியடித்தார்கள். நடைவழி அந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

நடைவழி எப்போது வந்தது?

1955-ல் அரசு ஒப்புதல் கிடைத்தது. அதன்பின் நிலக்காரர்களிடம் வழியுரிமை பேசிப் பேசிப் பதினாறு ஆண்டுகள் ஓடின. நைட்டனில் இருந்த ஆசிரியர் ஃபிராங்க் நோபிள் விடாமல் உழைத்தார். 1969-ல் ஆஃபா கரைச் சங்கம் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு. 1971 ஜூலை 10 அன்று நைட்டனில் திறப்பு விழா. திறந்து வைத்தவர் 1953-ல் எவரெஸ்ட் முதன்முதலாக ஏறப்பட்டபோது அந்தப் பயணத்துக்குத் தலைமை தாங்கிய ஜான் ஹன்ட். அவர் நைட்டனுக்குப் பக்கத்துக் கிராமத்தில்தான் குடியிருந்தார். சங்கத்தின் மையம் இன்றும் நைட்டனில் இருக்கிறது. பின்புறப் பூங்காவிலேயே கரையின் ஒரு துண்டு கிடக்கிறது. நடக்காதவர்களும் போய்வரலாம்.

முழுவதும் கரையின் மேலேயே நடக்கலாமா?

இல்லை. பாதிக்கும் குறைவான தூரம்தான் கரையோடு போகிறது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் போய் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தெற்கே செப்ஸ்டோ அருகே செட்பரி செங்குத்துக் கரையில், செவர்ன் கழிமுகத்தைப் பார்த்தபடி ஒரு கல்லில் வழி தொடங்குகிறது. அங்கிருந்து வை ஆற்றின் மேலே காட்டுக்குள் மண்கரையோடு செல்லும். "சாத்தானின் மேடை" என்ற பாறையிலிருந்து கீழே டின்டர்ன் மடத்தின் கூரையில்லாச் சுவர்கள் தெரியும். மான்மத் தாண்டினால் வயல்வெளி, கரை கிடையாது. பிறகு ஹேட்டரல் முகடு. 700 மீட்டர் உயரத்தில் காற்று முகத்தில் அறைய, ஒரு கால் இங்கிலாந்தில் ஒரு கால் வேல்ஸில் வைத்து மணிக்கணக்கில் நடக்கலாம். அங்கும் கரை கிடையாது. இறங்கினால் பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்பெற்ற ஹே-ஆன்-வை.

கிங்டனுக்கு மேலே ரஷக் குன்றில்தான் கரை மறுபடி கையைப் பிடிக்கும். அங்கிருந்து மான்ட்காமரி சமவெளி வரை இதுதான் பயணத்தின் உயிர். அதன்பின் செவர்ன் ஆற்றோரம், லானமனெக் சுண்ணாம்புக்கல் குன்று, ஓஸ்வெஸ்ட்ரிக்கு மேலுள்ள மலைகள். சர்க் கோட்டைப் பூங்காவில் கரை ஓர் ஏரிக்குள் மூழ்கிப் போயிருக்கிறது. அடுத்து பொன்ட்கசல்ட்டெ நீர்ப்பாலம். தாமஸ் டெல்ஃபோர்ட் 1805-ல் முடித்தது. ஆற்றுக்கு 38 மீட்டர் மேலே இரும்புத் தொட்டியில் கால்வாய் ஓட, அதில் படகு போகும். 2009 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பிறகு டினாஸ் பிரான் இடிகோட்டை, க்ளூவிட் குன்றுகளின் உச்சியான 554 மீட்டர் மொய்ல் ஃபாமா, முடிவில் பிரெஸ்டாட்டின் கடற்கரை. வடகோடியில் ஆஃபாவின் கரை மருந்துக்கும் இல்லை. கடல் வேண்டும் என்பதற்காகத்தான் வழி அங்கே போகிறது.

எத்தனை நாள் ஆகும்? கடினமா?

முழு வழிக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். உயரம் யாரையும் மிரட்டாது. களைப்பாக்குவது ஏற்ற இறக்கம்தான். நைட்டனுக்கும் மான்ட்காமரிக்கும் இடையே கரை எந்தப் பள்ளத்தாக்குக்கும் வளைந்து கொடுக்காமல் நேராக இறங்கி நேராக ஏறுகிறது, நாமும் அப்படியே போக வேண்டும். ஊசல்போல ஆடும் அந்த ஒரு நாள் முழங்காலைச் சோதிக்கும். கைத்தடி கட்டாயம் கொண்டுபோங்கள்.

எனக்கு ஒரே நாள்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?

யோசிக்கவே வேண்டாம், நைட்டன். ரயிலில் இறங்கி வடக்கே ஏறி லான்வைர் குன்று வரை போய்த் திரும்புங்கள். முழுக் கரையிலும் மிக உயரமான இடம் அதுதான், ஏறத்தாழ 430 மீட்டர். பள்ளமும் கரையும் இரண்டுமே வடிவம் குலையாமல் அங்கே நிற்கின்றன. ஆடுகளும் வானமும் தவிர வேறு துணை இருக்காது. வெயில் சாயும் நேரத்தில் கரையின் நிழல் பள்ளத்தில் விழும். அந்தக் கோடு குன்றுக்குக் குன்று தாவிப் போவதைப் பார்த்தால், எத்தனை பேரின் இடுப்பு ஒடிந்த வேலை இது என்று புரியும்.

எந்தத் திசையில், எந்த மாதம்?

தெற்கிலிருந்து வடக்கே. வெயில் முதுகில் இருக்கும், வழிகாட்டிப் புத்தகங்களும் பெரும்பாலும் அப்படியே எழுதப்பட்டிருக்கின்றன. மாதம் என்றால் மே, ஜூன் அல்லது செப்டம்பர். ஆகஸ்டில் பெரணி இடுப்பளவு வளர்ந்து கரையை மறைத்துவிடும். குளிர்காலத்தில் செடிகள் மடிந்து கரை நன்றாகத் தெரியும், ஆனால் பகல் சிறுத்துவிடும், மலைமேல் மூடுபனி வழியை விழுங்கும், ஆற்றோர வயல்களில் தண்ணீர் நிற்கும்.

தங்க, சாப்பிட, வழி தெரிய என்ன செய்வது?

வழியெங்கும் ஓக் கொட்டைச் சின்னம் இருக்கும். தேசிய நடைவழிகளுக்கு அதுதான் அடையாளம். ஆனாலும் தாள் வரைபடம் ஒன்று கையில் வேண்டும். பள்ளத்தாக்குகளில் கைப்பேசிக்குச் சமிக்ஞை போய்விடும். வேல்ஸ் பக்கம் பலகைகள் இரு மொழியில் இருக்கும். சாலையில் "அராவ்" என்று எழுதியிருந்தால் மெதுவாகப் போ என்று பொருள். அவர்களுடைய இரட்டை எல் ஒலி நம் ழகரம் போல, வெளியாள் நாவுக்கு எளிதில் வராது. தப்பாகச் சொன்னாலும் முயன்றீர்கள் என்று மகிழ்வார்கள்.

தங்க வீட்டுவிடுதிகள், பழைய சத்திரங்கள், கூடாரத் திடல்கள் உண்டு. ஊர்கள் சிறியவை, அறைகள் சில. முன்பே பதிந்துவிடுங்கள். நிலக்காரர் அனுமதியில்லாமல் கண்ட இடத்தில் கூடாரம் போட இங்கே சட்டம் இடம் தராது. ஹேட்டரல் முகட்டில் நாள் முழுதும் ஒரு கடையும் கிடையாது, தண்ணீரும் சோறும் சுமந்தே ஆக வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் அறை பதியும்போதே சொல்லி வைப்பது நல்லது. பெட்டியை விடுதிக்கு விடுதி கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆட்களும் இருக்கிறார்கள். ரயில் வேண்டுமென்றால் செப்ஸ்டோ, நைட்டன், வெல்ஷ்பூல், சர்க், பிரெஸ்டாட்டின். இவற்றை வைத்துத்தான் நான் துண்டுபோட்டு நடந்தேன்.

பிள்ளைகளையும் நாயையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. வேலி தாண்டும் கடவைகள் நிறைய வரும், பெரிய நாயைத் தூக்கி இறக்க வேண்டியிருக்கும். ஆட்டு மந்தை உள்ள இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்தே போங்கள். மார்ச் முதல் மே வரை ஆடுகள் குட்டி போடும் காலம், அப்போது இன்னும் கவனம் தேவை. கன்றோடு நிற்கும் மாடுகளுக்கு நடுவே போகாதீர்கள்.

கரையின் மேல் ஏறி நடப்பதில் தவறுண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் நிறையும்.

நடைவழியே சில இடங்களில் கரையின் உச்சியில்தான் போகிறது. அங்கே வேறு வழியில்லை. ஆனால் பக்கத்தில் தடம் இருந்தால் பக்கத்தில் நடங்கள். ஈர நாளில் சரிவில் குறுக்கே ஏறவே ஏறாதீர்கள். புல் கிழிந்தால் மண் தெரியும், மண் தெரிந்தால் மழை அரிக்கும், அரித்த இடத்தில் அடுத்தவர் கால் வைப்பார். வளைக்கரடியும் முயலும் உள்ளே குடைகின்றன. மரம் சாய்ந்தால் வேரோடு கரையையே பெயர்த்துக்கொண்டு விழுகிறது. ஆடுகள் ஒதுங்கும் இடமெல்லாம் குழியாகிறது. இவற்றோடு உழவு, சாலை, வீடு. சட்டப் பாதுகாப்பு பெரும்பகுதிக்கு இருந்தும், சில ஆண்டுகளுக்கு முன் நிலைமையை மதிப்பிட்டபோது பத்தில் ஒரு பங்குகூட நல்ல நிலையில் இல்லை என்று தெரியவந்தது.

2013-ல் சர்க் அருகே 45 மீட்டர் கரையை இயந்திரம் விட்டுத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அது காக்கப்பட்ட சின்னம் என்று தெரிந்தே செய்தார்கள் என நிரூபித்தால்தான் தண்டனை என்றிருந்தது அன்றைய சட்டம். வழக்கு நடக்கவில்லை. 2016-ல் வேல்ஸ் கொண்டுவந்த சட்டம், தெரியாது என்று சொல்லித் தப்பும் வழியைக் குறுக்கியது. கல் விழுந்தால் எடுத்து அடுக்கலாம். மண்கரையைத் தள்ளிவிட்டால், ஆயிரம் ஆண்டாக அடுக்கடுக்காக உறைந்திருந்த காலம் கலந்துபோகிறது. மறுபடி குவித்தாலும் அது நேற்றைய மண்தான்.

நடக்கும்போது கரை எங்கே என்று தெரியாமல் போனால்?

போகும், பல இடங்களில். எனக்குக் கைகொடுத்தவற்றைச் சொல்கிறேன். வயலுக்குக் குறுக்கே காரணமில்லாமல் நேராகப் போகும் பழைய முள்வேலியைப் பாருங்கள், அது கரையின் மீது நட்டதாக இருக்கும். கிராமச் சாலை திடீரென்று ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் வலமும் இடமும் பாருங்கள், கரை இரு புறமும் தொடரும். வரிசையாக நிற்கும் ஓக் மரங்களின் வேர் தரைக்கு மேலே தெரிந்தால் அருகே போங்கள். காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் பாருங்கள், உச்சிவெயிலில் தரை எல்லாம் ஒன்றாகிவிடும். சந்தேகம் வந்தால் மேற்குப் பக்கம் இறங்கி நில்லுங்கள். காலுக்கடியில் தரை பள்ளமாக வாங்கி, எதிரே எழுந்தால் அதுதான்.